நீல டேப்புக்கு இந்தப் பக்கம்

இப்படிக் கிட்டத்தில் வந்து உட்காரு, பாவாயி. இன்னும் கொஞ்சம் நகர்ந்து. வாயைத் திறந்து பேசக் கூடாது, மனசுக்குள்ளேதான் சொல்லியாக வேண்டும், அதனால் நீ ஐதராபாத்தில் மகன் வீட்டில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்தால் என்ன, இங்கே கோயமுத்தூரில் என் முழங்காலோரம் இருந்தால் என்ன, இரண்டும் ஒன்றுதான். நம் மகள் கோகிலா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையில் இருக்கிறாள். கூடத்து மேசையில் கம்ப்யூட்டர், அதன் நெற்றியில் பொட்டு மாதிரி கேமரா, கேமராவின் பார்வை எங்கே முடிகிறதோ அங்கே தரையில் நீலமாக ஒரு டேப் ஒட்டியிருக்கிறாள். அதற்கு இந்தப் பக்கம் நான், பிரிட்ஜுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்தப் பக்கம் சமையல்கட்டு, குளியலறை, வாசற்கதவு, உலகம். டேப் வந்த கதை உனக்குச் சொல்லவில்லையே. போனில் எங்கே சொல்வது, நீ ஸ்பீக்கரில் போடுவாய், மகன் இருப்பான், மருமகள் இருப்பாள், பேத்தி அழும், நான் சாப்பிட்டாயிற்று என்பேன், நீயும் சாப்பிட்டாயிற்று என்பாய், முடிந்தது. ஒரு நாள் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு இவள் முதுகுக்குப் பின்னால் நடந்து போய்விட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒருத்தன், "கோகிலா, உங்க வீட்ல சாமியார் யாரோ போறாரே, குறி சொல்வாரா, எனக்கு இன்க்ரிமென்ட் வருமான்னு கேளுங்க" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். மறுநாள் டேப் ஒட்டியிருந்தது. என்னைத் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, "அப்பா, இதைத் தாண்டாம இருந்தீங்கன்னா நீங்க பாட்டுக்கு எப்படி வேணா இருக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னாள். எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படித்தான் இருக்கிறேன். உன் குரல் எனக்கு நன்றாக வருகிறது பாவாயி, "ஏனுங்க, சோறு ஆறுது" என்கிற அந்த இழுப்பு அப்படியே வருகிறது. முகம்தான் வரமாட்டேன் என்கிறது. மூக்குத்தி வருகிறது, முகம் வரவில்லை.

இன்றைக்கு எனக்கு மூச்சு விடவே பயமாக இருக்கிறது, ஏனென்றால் நாளைக் காலை நானும் இவளும் உன்னைப் பார்க்க வருகிற ரயில் இவள் கையில் இல்லை, அந்தக் கம்ப்யூட்டருக்குள் இன்னும் பிறக்காத ஒருத்தன் கையில் இருக்கிறது. அவனுக்கு ரன்னர் என்று பேர். நேற்று மாவு பிசைந்துகொண்டே எனக்குப் புரியும்படி சொன்னாள். இவள் ஆபீசில் ஆட்கள் புரோகிராம் எழுதி எழுதித் தள்ளுவார்களாம், எழுதினதையெல்லாம் சரிபார்த்து, மூட்டை கட்டி, வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பி வைக்க ஒரு வேலையாள் வேண்டுமாம், அவன்தான் ரன்னர், ஆள் இல்லை, ஆள் மாதிரி ஒன்று. இவ்வளவு நாளும் வாடகைக்கு வைத்திருந்தார்கள். இன்று மத்தியானத்தோடு அந்த வாடகை முடிந்தது. இனிமேல் சொந்தமாக ஒருத்தனை, இவர்களுடைய இடத்திலேயே, கன்டெய்னர் கூட்டத்துக்கு நடுவில் குடிவைக்க வேண்டும். "கன்டெய்னர்னா நம்ம சங்ககிரியில லாரிமேல வரிசையா நிக்குமே, அதா கண்ணு?" என்றேன். "அதே மாதிரிதானுங்க அப்பா, ஆனா இரும்பு இல்லை, தொட முடியாது." தொட முடியாத கன்டெய்னர். சரி என்றேன். பூமிக்கு அடியில் கண்ணால் பார்க்காத தண்ணீரை நம்பி ஆயுசு முழுக்க போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டினவன் நான், எனக்கு இது பெரிய ஆச்சரியம் இல்லை. வாடகை ரிக்குக்குப் பதில் சொந்த ரிக், அவ்வளவுதானே. சாயந்திரத்துக்குள் அவன் நின்று ஒரு வேலையைச் செய்து காட்டிவிட்டால் இவளுக்கு லீவு. நிற்கவில்லையென்றால் ஒவ்வொரு வேலையும் வர வர இவளே கையால் தள்ளிவிட வேண்டும், இந்த இடத்தைவிட்டு எழ முடியாது, டிக்கெட் கேன்சல். அட்டைப்பெட்டி என் காலடியில்தான் திறந்து கிடக்கிறது. நீ கேட்ட அரப்புத் தூள், அந்த ஊர் ஷாம்பு தலையை நார் மாதிரி ஆக்குகிறது என்றாயே, திருச்செங்கோட்டிலிருந்து ஆள் மூலம் வரவழைத்தாள். காலையில், "பெட்டியை ஒட்டலையா கண்ணு" என்றேன். "மொதல்ல இது நிக்கட்டுங்க. நிக்கலைன்னா ஒட்டி என்ன பண்றது? டேப்பும் தீந்துபோச்சு" என்றாள். திறந்த பெட்டியிலிருந்து அரப்பு வாசனை வருகிறது. எண்ணெய் தேய்த்து ஊறவைத்த தலை, புகை, வெந்நீர் அண்டா. வாசனை வருகிறது, ஈரத் துணி சுற்றின தலை வருகிறது. முகம் திரும்பமாட்டேன் என்கிறது.

கீபோர்டில் இவள் தட்டுகிற சத்தத்தை வைத்தே வேலை எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவேன் நான். மழைத் தூறல் மாதிரி விழுந்தால் நன்றாகப் போகிறது. ஒற்றை ஒற்றையாக விழுந்தால் பாறை. இப்போது பாறை. காதில் மாட்டுகிறதில் சார்ஜ் இல்லை போல, ஸ்பீக்கரில்தான் பேசுகிறாள். அந்தப் பக்கம் நவநீதன், இவளுக்கு மேலே இருக்கிறவன், மெட்ராஸ்காரன், சளி பிடித்த குரல். "என்னாச்சு கோகிலா?" "பாட் எழுந்திரிக்குது சார், ஒடனே செத்துப்போயிடுது." "மறுபடி?" "மறுபடி எழுந்திரிக்குது, மறுபடி சாகுது." இப்படித்தான் பேசுகிறார்கள், பாவாயி, கத்தரிக்காய் விலை பேசுகிற மாதிரி. பாட் என்றால் இந்த ரன்னர் குடியிருக்கிற கூடு. விளக்கு வைக்கிற வீட்டில் செத்தது செத்தது என்று சொல்லாதே என்று முதலில் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். "சாவறது பிரச்சனை இல்லீங்க அப்பா, ஒண்ணு இருக்கணும்னு எழுதி வெச்சிட்டா போதும், ஒண்ணு செத்தா அது தானா இன்னொண்ண எழுப்பி நிறுத்தும்" என்றாள். எதை எழுப்பும்? புதுசாக எழுந்தவனுக்குப் பழையவன் செய்ததெல்லாம் தெரியுமா? "தெரியாதுங்க. தெரிய வேண்டியதில்லை." அந்த வார்த்தை அன்றிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை. தெரிய வேண்டியதில்லை. ஒண்ணு இருக்கணும் என்று யாரோ எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள், நாற்காலியில் ஒருத்தன் இருந்தால் சரி. நான் போனால் இந்த நாற்காலியில்... வேண்டாம். நவநீதன் இருமுகிறான். "உங்க ரன்னர் ஓடறதவிட விழறதுதான் ஜாஸ்தி போலிருக்கே." "நக்கல் அப்புறம் பண்ணுங்க சார், ஏன் சாகுதுன்னு லாக் பாத்துட்டிருக்கேன்." தட்டல் நின்றது. நாற்காலி கிரீச்சிட்டது. "அட... டோக்கன். டோக்கன் எக்ஸ்பயர் ஆயிடுச்சு சார். எடுத்து வெச்சுட்டு எழுந்து போயிட்டேன், அது ஒரு மணி நேரம்தான் தாங்கும்." ரேஷன் கடை டோக்கன் மாதிரி. அதை நீட்டினால்தான் ரன்னரை உள்ளே விடுவார்கள். காலாவதியான டோக்கனை நீட்டிக்கொண்டு அவன் வாசலில் விழுந்து விழுந்து செத்திருக்கிறான். எழுந்து எங்கே போனாள்? எனக்கு ரசம் வைக்கப் போனாள், பாவாயி. காலைச் சாம்பார் புளித்துவிட்டது என்று முகம் சுளித்தேன், நான் ஒன்றும் கேட்கவில்லை, முகம்தான் சுளித்தேன், இவள் டோக்கனை அப்படியே விட்டுவிட்டு மிளகு இடித்தாள், அப்பளம் சுட்டாள், மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள், நான் மென்று மென்று சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். கட்டின மனுஷன் வீட்டைவிட்டு இவள் வந்த பிறகு இவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட நான் ஒருத்தன்தான். நல்ல ரசம். அந்த ரசம்தான் டோக்கனைக் குடித்துவிட்டது.

"யாருக்கும் சொல்லாதீங்க சார், சாப்பிடப் போயிருந்தேன்" என்று சிரித்துக்கொண்டே புது டோக்கன் எடுக்கிறாள். எனக்காக என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இனி பொட்டாட்ட, சத்தம் காட்டாமல் இருக்க வேண்டும், இருமல் வந்தால்கூட விழுங்கிவிட வேண்டும் என்று முடிவு பண்ணின அந்த நிமிஷமே அடிவயிறு கனக்க ஆரம்பித்தது பார். ரசத்தை இரண்டு டம்ளர் குடித்தது தப்பு. குளியலறை அதோ தெரிகிறது, டேப்புக்கு அந்தப் பக்கம், இவள் முதுகுக்குப் பின்னால்தான் போக வேண்டும். பச்சைக் கதவு. கொஞ்சம் திறந்தே இருக்கிறது, பக்கெட்டில் சொட்டுச் சொட்டாகக் குழாய் விழுகிற சத்தம் வேறு. கேட்காதே, காதே. வேறு எதையாவது கேள். பக்கத்து வீட்டுக் குக்கர். லிப்ட் கதவு. கீழே காய்கறி வண்டிக்காரன் டேப்ரிக்கார்டர். ஒரு வார்த்தை சொன்னால் இவள் கேமராவை மூடுவாள், மூடினால் அந்தச் சளிக் குரல் என்னாச்சு என்று கேட்கும், இவள் நூல் அறுந்துபோகும், நூல் அறுந்தால் ரன்னர் நிற்கமாட்டான், நிற்காவிட்டால் ரயில். நான் தனியாகப் போய்விடுவேனே என்று நீ நினைக்கலாம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வண்டியிலேயே குடியிருந்தவன், ஐதராபாத் என்ன பிரமாதம். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன், இன்னும் கிட்டத்தில் வா. போன தடவை உன்னைப் பார்க்கத் தனியாக வந்தேனே, ரயில் தாமதம் என்று சொன்னேனே, ரயில் தாமதம் இல்லை. நடுவில் ஒரு ஸ்டேஷனில் டீக்கு இறங்கினேன். கையில் டம்ளரோடு திரும்பினால் எந்த ரயில், எந்தப் பெட்டி, எங்கே போகிறேன், ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி. மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று தெரிகிறது, மகன் பேர் வரவில்லை. பூபதி. இப்போது வருகிறது. அப்போது வரவில்லை. பிளாட்பாரத்தில் யாரோ ஒரு பொம்பளை, "ஏய் ஏறுடி, வண்டி எடுத்துட்டான்" என்று கத்தினாள், அந்தத் தமிழைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியில் ஏறினேன். அதுதான் என் பெட்டியாகவும் இருந்தது. என் காது என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. கோகிலாவிடம் மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் தனியாக விடமாட்டேன் என்றுவிட்டாள். முகம் போகிறது, பேர் போகிறது, காது மட்டும் நிற்கிறது. அதுவும் போவதற்குள் உன் பக்கத்தில் கொஞ்ச நாள் உட்கார வேண்டும். வேறொன்றும் இல்லை. ஸ்பீக்கர் இல்லாமல்.

தூறல் விழுகிறது. விரல் தூறல். "நின்னுடுச்சு சார்!" இவள் குரல் சின்ன வயசில் கோலிக்குண்டு விளையாட்டில் ஜெயித்தால் வருகிற குரல். "பச்சைப் புள்ளி பாருங்க. பதிவாயிடுச்சு. வேலைக்கு ரெடின்னு சொல்லுது." எனக்கு வயிற்றுக் கனத்தைக்கூட மறந்துபோயிற்று. ஆனால் நவநீதன், "ரெடின்னா சந்தோஷம், வேலை எடுத்தானா?" என்றான். எடுக்கவில்லை. வேலை ஒரு பக்கம் ஆள் வரவில்லை ஆள் வரவில்லை என்று காத்துக்கொண்டிருக்கிறது. ஆள் ஒரு பக்கம் வேலை இருக்கா வேலை இருக்கா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கேட்டுக்கொண்டிருக்கிறான். எங்களை மாதிரியேதான். புது ஊரில் ரிக்கை நிறுத்திவிட்டு ஏஜெண்டு கடை வாசலில் உட்கார்ந்திருப்போம், "போர் போடற பாயிண்ட் ஏதாவது வந்துச்சுங்களா?" "இல்லை." பீடி. "வந்துச்சுங்களா?" "வந்தா சொல்ல மாட்டனா, போய்யா." போர் போட ஆசைப்படுகிற விவசாயி அதே ஊரில் இன்னொரு தெருவில் ரிக் கிடைக்கவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். பச்சைப் புள்ளியோடு உட்கார்ந்திருக்கிறான் இவள் ரன்னர். நானும்தான். காலையில் எழுந்ததும் கேட்கிறேன், "வெங்காயம் உரிக்கட்டுமா கண்ணு?" "வேண்டாமுங்க." "பால் வாங்கியாரட்டுமா?" "ஆன்லைன்ல வந்துருமுங்க." வேலை இருக்கா. இல்லை. வேலை இருக்கா. இல்லை. தப்பு இவள்மேல் இல்லை. நீயும் நானும் ஒரு தடவை இப்படித்தான் காத்தோம், நினைவிருக்கா? ஜபல்பூர் பக்கம். ஞாயிற்றுக்கிழமையானால் நீ மளிகைக் கடையிலிருந்து எஸ்.டி.டி. போடுவாய், நான் அங்கே பஞ்சர் கடையில் போனோரம் நிற்பேன். ஒரு ராத்திரியோடு ராத்திரியாக முதலாளி வண்டியை வேறு ஊருக்குக் கிளப்பிவிட்டார். நீ பழைய பஞ்சர் கடைக்கே போட்டாய். நான் புது ஊரில் ஒரு டீக்கடை போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அந்த நம்பர் உனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காமல், ஞாயிற்றுக்கிழமையானால் நீ கூப்பிடுவாய் என்று மட்டும் தெரிந்தவனாக. பஞ்சர் கடைக்காரன் இந்தியில் என்னமோ சொல்ல, நீ அதை நான் செத்துப்போனதாக எடுத்துக்கொண்டு மளிகைக் கடையிலேயே உட்கார்ந்து அழுதாயாம். பிற்பாடு ஊர் வந்தபோது சொன்னாய். சொல்லும்போது சிரித்தாய். சிரித்தால் மேல்பல் ஒன்று கீழ் உதட்டில்... வந்தது! பாவாயி, முகம் வந்தது. ஒரு நொடி. கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. பிடிக்கப் போனேன், போய்விட்டது.

"ஐயோ" என்றாள் இவள். ஒரே ஒரு ஐயோ, மெதுவாக. "சார், நான் ஒரு கூமுட்டை. வேலைச் சீட்டுல ஆள் பேரை நான் மாத்தவே இல்லை. ஒவ்வொரு வேலையும் இன்னும் அந்தப் பழைய வாடகை ஆளத்தான் கேட்டுட்டு நிக்குது. அவன்தான் மத்தியானமே கடைய மூடிட்டானே." நவநீதன் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். "அப்போ உங்காளு இவ்வளவு நேரமும் சும்மா உட்கார்ந்திருக்கலை, அவனை யாரும் கூப்பிடலை." "ஆமாங்க சார்." "பாவம்." பாவம் என்றான் பார், அந்த ஒரு வார்த்தைக்காக அவன் நக்கலையெல்லாம் மன்னித்துவிட்டேன். தூறல், தூறல், பிறகு ஒரு அழுத்தல். குழாய் சொட்டுகிறது. நான் இரண்டு முழங்காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ரிக்கில் இப்படி ஒரு நேரம் வரும், ராடு இறங்கிக்கொண்டே இருக்கும், புழுதி மட்டும் பறக்கும், வீட்டுக்காரன் மஞ்சத்துணியில் முடிந்து வைத்த பணத்தையெல்லாம் அந்தக் குழிக்குள் போட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான், யாரும் பேசமாட்டோம், சத்தம் மாறுகிறதா என்று கேட்போம். "எடுத்துட்டான்" என்றாள். மூச்சு விடாமல். "ஓடுது. பாதி. இன்னும் ஓடுது. முடிச்சுட்டான் சார், முடிச்சுட்டான்!" ஸ்பீக்கருக்குள் நாலைந்து பேர் கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், கை முழங்காலை விட்டால் ஆபத்து. "சூப்பர் கோகிலா" என்றான் நவநீதன். அப்புறம், அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது. குரல் இறங்கினால் பாறை என்று எனக்குத் தெரியும். "ஒண்ணு மட்டும். நாளைக்கு மொத நாள். எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. ட்ரிப்ப ஒரு வாரம் தள்ளிக்க முடியுமா?" அவள் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. முதுகு அசையவில்லை. "ஒண்ணு செத்தா இன்னொண்ணு எழுந்துக்கும் சார். நான் எதுக்கு?" "அதுக்கில்ல, யாராச்சும் பாத்துட்டே இருந்தா எனக்கு நிம்மதி. மணிக்கொரு தடவை, எல்லாம் ஓடுதுன்னு ஒரு மெசேஜ்." ஒரு வாரம். ஒரு வாரத்தில் எதெல்லாம் போகும் என்று இவனுக்கு என்ன தெரியும். காலடியில் அரப்புப் பெட்டி வாயைத் திறந்தபடி கிடக்கிறது. நான் சொல்லிவிடலாம், கண்ணு, ஒரு வாரம் கழிச்சே போலாம், ஒண்ணும் அவசரமில்லை என்று. பெரியவனாக இருந்து அதைத்தான் சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. அவசரம்தான். "மெசேஜ் வந்தா போதுங்களா சார்?" என்று கேட்டாள் கோகிலா, ரொம்பச் சாதாரணமாக, உப்பு போதுங்களா என்கிற மாதிரி. "வந்தா போதும்." "மணிக்கொரு தடவை?" "மணிக்கொரு தடவை. அது வந்தா நான் உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்." "இத்தனை பேர் முன்னால சொல்றீங்க சார், பேச்சு மாறக் கூடாது." "மாறலம்மா."

தூறல் விழுந்தது, பாவாயி. இப்படி ஒரு தூறலை நான் இன்றைக்குக் கேட்கவே இல்லை. விரல் சிரிக்கிற மாதிரி இருந்தது. ஒரு அழுத்தல். பிறகு டிங் என்று ஒரு மணி, ஸ்பீக்கருக்குள், அவனுடைய பக்கத்தில். நவநீதன் படித்தான்: "'எல்லாம் நல்லா ஓடுதுங்க சார்.' கோகிலா, இது நீங்க அனுப்பினதா?" "நான் கையைத் தூக்கி உக்காந்திருக்கேன் பாருங்க சார். உங்க ரன்னர் அனுப்பினான். அவனுக்கு இன்னொரு வேலை கொடுத்துட்டேன், மணிக்கொரு தடவை எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு உங்களுக்குச் சொல்லணும்னு. நல்லா இல்லைன்னா, நல்லா இல்லைன்னும் சொல்லுவான்." கூட்டத்தில் ஒரு பொம்பளைக் குரல், "சார், மாட்டிக்கிட்டீங்க" என்றது. அவன் இருமலும் சிரிப்புமாக, "அப்பாவைக் கேட்டதா சொல்லுங்க. அந்தச் சாமியாரை" என்றான். ஸ்பீக்கர் அணைந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். முழங்காலைச் சேர்த்துப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள், பச்சைக் கதவைப் பார்த்தாள். "ஏனுங்கப்பா, எவ்வளவு நேரமா? ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" சொல்லியிருந்தால் நூல் அறுந்திருக்கும் கண்ணு என்று சொல்லப் போனேன், அதற்குள் அவள் ஓடி வந்து தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, அந்த நீல டேப்பை அறுந்துவிடாமல் சர்ர்ரென்று ஒரே இழுப்பாக உரித்தெடுத்தாள், அடியில் ஒட்டியிருந்த தூசியை ஊதினாள், அரப்புப் பெட்டியின் வாயை மூடி, அதன்மேல் அதைக் குறுக்கே ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.